புளிப்புக்குள் இருந்த சீனி

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரி என் பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு பொலித்தீன் பையை என் மடியில் வைத்தாள். உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் சீனியும் போட்டுப் பிரட்டிய வெரளிக்காய், ஒலிவம்போன்ற ஒரு புளிப்புக் காய். ஒன்றை வாயில் போட்டதும் என் இரண்டு கண்களும் தாமாக மூடிக்கொண்டன. அவள் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. பலாங்கொடை வரும்வரை பையை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டோம். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்கியது எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உணவு வேதியியல் நடத்துகிறேன். யாரும் நடாமல், உரம் போடாமல், மலையோரங்களில் தானாக விளையும் பழங்கள்தான் என் ஆராய்ச்சி. பழத்தின் எடை, நீள அகலம், தோலின் தடிப்பு, சாற்றின் அளவு, அதில் சீனி எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பது. நீலகிரியில் தவிட்டுப்பழத்தையும் வால்பாறையில் வேறு சிலவற்றையும் முடித்துவிட்டேன். அதே மழை, அதே உயரம், நடுவில் மட்டும் கடல். இந்தப் பக்கம் அந்தப் பழங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கத்தான் வந்தேன். சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. வழியில் பார்த்த சோதனைச் சாவடிகளின் மணல் மூட்டைகள்மேல் புல் முளைத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராஜேஸ்வரியின் வீட்டில் தங்கினேன். தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இங்கிருந்து போய்க் குன்னூரில் குடியேறிய என் மாணவி ஒருத்திக்குச் சித்தி மகள். புத்தர் பிறந்த நாளான வெசாக்குக்கு விடுமுறை என்பதால் என்னுடன் சுற்ற அவளுக்கு நேரம் இருந்தது. கண்டிப்பான முகம். ஆனால் முதல் நாள் மாலையே என் காலில் ஏறிய அட்டைகளைத் தேடித்தேடி எடுத்துச் சவர்க்காரம் தடவிவிட்டாள்.

“எங்க ஊரு அட்டைக்கு இந்தியா ரத்தம் புதுசுங்க. அதான் இப்படி வருது” என்றாள் சிரிக்காமல்.

சுற்றுவதற்கு வேன் பேசித் தந்ததும் அவள்தான். வேன்காரர் சலீம் நானா, அதாவது சலீம் அண்ணன், பலாங்கொடைக்காரர். அறுபதை நெருங்கியவர், வெள்ளைத் தாடி, தலையில் தொப்பி, இடுப்பில் சாரம் என்று இங்கே சொல்லும் கட்டம் போட்ட கைலி. அவருடைய வேனின் பக்கக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். அதனால் ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் இறங்கிவந்து, ஏதோ மந்திரியின் மனைவிக்குத் திறப்பதுபோல எங்களுக்குக் கதவு திறந்துவிடுவார்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. தேயிலைச் செடிகள் முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில் போவிட்டியாச் செடிகள் ஊதாப் பூவும் காயுமாக நின்றன. பிளந்த காய்க்குள் கறுநீலச் சதை. தின்றால் நாக்கு மையில் தோய்த்ததுபோல ஆகிவிடும். அதற்கு மேலே ஜேம் பேரா என்று அவர்கள் சொல்லும் சின்னச் சிவப்புக் கொய்யா. பனி கீழேயிருந்து மேலே வரும், எங்களைத் தாண்டிப் போகும், திரும்பி வரும். சில நேரம் பறிக்க நீட்டிய என் கையே எனக்குத் தெரியாது. பழத்தின் குளிர்ச்சி மட்டும் விரலில் தட்டும்.

என்னிடம் ஒரு சிறிய தராசும், தடிப்பு அளக்கும் இடுக்கியும், சீனியை அளக்கும் குழல் ஒன்றும் இருந்தன. குழலின் நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே வட்டமாக ஒரு வானம் தெரியும். மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் சாற்றின் இனிப்பு. பனிக்குள் வெளிச்சம் கிடைக்காது. கோடு கரைந்து கரைந்து வரும். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றால் நான் எதற்காக நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

“மிஸ், உள்ளுக்க என்ன தெரியுது? சொர்க்கமா?” என்றார் சலீம் நானா.

அவரிடம் குழலைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “காலிக் கடல் மாதிரி ஈக்கிது” என்றார். சின்ன வயதில் தெற்குக் கரையிலுள்ள காலி நகரத்தில் இருந்தவராம்.

கருவி சொல்வது ஒருபுறம், நாக்கு சொல்வதும் எனக்கு வேண்டும். சலீம் நானாவையே ருசி பார்ப்பவராக வைத்துக்கொண்டேன். “நானா, ருசி பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு பழத்தை நீட்டுவேன். அவர் அதைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக வாங்குவார். சீனி வருத்தம் உள்ளவர். சர்க்கரை நோயை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் ஒரு கடி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கடிக்கு அவர் சொல்லும் தீர்ப்பு நீளமாக இருக்கும்.

“இது மொதல்ல கோவப்படுது, பொறகு சமாதானமாகுது.”

“இது கச்சேரியில ஈக்கிற கிளாக்கர் மாதிரி. கடைசி வரைக்கும் மொகம் குடுக்காது.”

கச்சேரி என்றால் இங்கே பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்க அலுவலகம் என்று ராஜேஸ்வரி விளக்கினாள்.

அடுத்த நாள் மழை. வேனின் வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது, அதுவும் என் பக்கம். நான் வழி சொல்ல அவர் ஓட்டினார். ஒரு வளைவில் நிறுத்தி, பெட்டிக்கடையில் பிளேன்டீ குடித்தோம். சீனி போடாத தேநீர் அவருக்கு. ஆனால் வேனுக்குத் திரும்பியதும், முன்பெட்டியிலிருந்து ஓலையில் கட்டிய கித்துல் கருப்பட்டியை எடுத்து ஒரு மூலையைக் கடிப்பதை ராஜேஸ்வரி பார்த்துவிட்டாள்.

“என்னா நானா இது? சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கிற ஆளு இப்படிச் செய்யலாமாங்க?”

“ஒரு துண்டு டீச்சர். தலை சுத்தினா போட்டுக்கொள்ளத்தான் வெச்சீக்கிறேன்.”

“இப்ப தலை சுத்துதா?”

“இப்ப சுத்தல்ல.”

“அப்பக் குடுங்க இங்க.”

வகுப்பில் விசிலைப் பறிப்பதுபோலப் பறித்தாள். வழியில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் மழையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கருப்பட்டி முழுவதும் அங்கே போனது. சலீம் நானா கண்ணாடியில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

மழை விட்ட பிறகு, தோட்டத்தின் எல்லையில், நான் தேடிவந்த மரத்தை ராஜேஸ்வரி காட்டினாள். உகுரஸ்ஸ. சிங்களப் பெயர்தான், தோட்டத்திலும் அதையே சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சொத்தைக்களாவுக்கு நெருங்கிய சொந்தம். அடிமரமெல்லாம் முள். மேலே கருஞ்சிவப்புப் பழங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மழைத்துளி. அதை அப்படியே தின்ன முடியாது, துவர்க்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக் கனியவைத்துத் தின்ன வேண்டும். நாங்கள் மூவரும் மரத்தடியில், ஏதோ பிரார்த்தனை செய்பவர்களைப்போலக் கைகூப்பி உருட்டிக்கொண்டு நின்றோம். அப்படி உருட்டியும் அந்தப் புளிப்புக்குச் சலீம் நானாவின் தோள்கள் குலுங்கின. “மிஸ், இது பழமல்ல. பல் டொக்டர்.”

குழலில் பார்த்தபோது எனக்கே வியப்பு. பல்லைக் கூசவைக்கும் அந்தப் பழத்தில்தான் நான் அதுவரை பார்த்த எல்லாவற்றையும்விடச் சீனி அதிகம். மழையில் ஊறிய ஜேம் பேரா நாக்குக்கு இனித்தாலும், கோடு மிகக் கீழே நின்றது. உகுரஸ்ஸவில் சீனி இருந்தது, புளிப்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இதற்காகவே கடல் தாண்டி வந்ததுபோல இருந்தது எனக்கு. ஐஸ் பெட்டி நிறையப் பறித்தோம். பலாங்கொடைக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடத்தில், மறுநாள் வெசாக் விடுமுறையானாலும் எனக்காகத் திறந்து வைப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அமிலத்தையும் உயிர்ச்சத்தையும் அங்கேதான் அளக்க முடியும், அதுவும் பழம் கெடுவதற்குள். அதற்கு மறுநாள் எனக்கு விமானம்.

வெசாக் அன்று விடியற்காலையில் இறங்கினோம். இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. சலீம் நானா தம் மாத்திரையை வெறும் தேநீருடன் விழுங்கியிருந்தார். ராஜேஸ்வரி ரொட்டி சுடுகிறேன் என்றதற்கு, “வாணாம் டீச்சர். இன்னைக்கி டவுன்ல எங்க பாத்தாலும் தன்சல். சோறு கூப்பிட்டுக் குடுப்பாங்க. வயித்துல எடம் வெச்சிக்கொண்டு போவோம்” என்று சொல்லிவிட்டார். தன்சல் என்பது வெசாக் நாளில் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் உணவு கொடுக்கும் பந்தல். அந்த நினைப்பில் நாங்களும் சாப்பிடாமல் ஏறினோம்.

பாதி வழியில் ஒரு பெண் கைகாட்டினாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கையில் பூக்கூடை. கீழே உள்ள பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போகவேண்டும், பஸ் வரவில்லை என்றாள். பெயர் சோமா. ராஜேஸ்வரி சிங்களத்தில் பேசி ஏற்றிக்கொண்டாள்; பெண்கள் மூவரும் பின்னால் உட்கார்ந்தோம். பூ வாசனை வேனை நிறைத்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் சாலையைக் காணோம். மேட்டிலிருந்து மண்ணும் தேயிலைச் செடிகளும் சரிந்து குறுக்கே கிடந்தன. ஒரு செடி நேராக நின்றிருந்தது, அங்கேயே முளைத்ததுபோல. திரும்பிப் போகலாம் என்று பின்னால் எடுத்தோம். நாங்கள் வந்த வழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. ராஜேஸ்வரி பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பனிக்குள்ளிருந்து யாரோ பதில் குரல் கொடுத்தார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார்கள், மதியம் ஆகலாம் என்றாள்.

காத்திருந்தோம். பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெளியே எதுவும் இல்லாமல் ஆக்கியது. சோமா பூக்களைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தாள். எங்கேயோ பிக்குகள் பிரித் ஓதும் ஒலிபெருக்கி, காற்றோடு வந்து காற்றோடு போனது. எனக்குத் தூக்கம் வந்தது. விழித்துப் பார்த்தபோது சலீம் நானாவின் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. அந்தக் குளிரில் வியர்வை.

“நானா?”

திரும்பவில்லை. சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது.

“தண்ணி ஏறுது” என்றார். “கடல் வந்துட்டுது. போகணும்.”

“என்னா நானா சொல்றீங்க? கடலா?” ராஜேஸ்வரி முன்னால் சாய்ந்தாள்.

“பேசாம இரிங்க!” என்று கத்தினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இன்ஜின் உறுமியது. இடப்பக்கம் சக்கரத்திலிருந்து இரண்டடிக்கு அப்பால் சாலை முடிந்து பள்ளம்.

என் அப்பாவுக்கு இப்படி வந்து பார்த்திருக்கிறேன். மருந்து உள்ளே போய் உணவு போகாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். மனிதர் நம் கண்ணெதிரே வேறு யாரோ ஆகிவிடுவார். இன்னும் இறங்கினால் நினைவு தப்பும்.

“சீனி இறங்கிவிட்டது. ஏதாவது இனிப்பு!” என்றேன்.

ராஜேஸ்வரி பையைக் கொட்டினாள். சீப்பு, கைக்குட்டை, குடை. சோமாவிடம் பூவும் ஊதுபத்தியும் மட்டும். முன்பெட்டியைத் திறந்தோம். காலியாக இருந்தது. ராஜேஸ்வரியின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவள் எட்டிச் சலீம் நானாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சாவியை எடுக்கப் பார்த்தாள். அவர் தள்ளிவிட்டார். வேன் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. சோமா ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். நேராக வேனுக்கு முன்னால் போய் நின்றாள். பூக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் பனிக்குள், வெள்ளை உடையில், அசையாமல். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் வெகு தொலைவில் நிற்பவள்போலத் தெரிந்தாள்.

சலீம் நானாவின் கால் பிரேக்கில் இறங்கியது. “யாரது?” என்றார், குழந்தையின் குரலில்.

ராஜேஸ்வரி சாவியை உருவிவிட்டாள்.

நான் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஜேம் பேரா. “அதக் குடுங்க, அதான் இனிப்பு” என்றாள் ராஜேஸ்வரி. நான் உகுரஸ்ஸவை அள்ளினேன்.

“ஐயோ, அது வேணாம்ங்க! பல்லு கூசும், துப்பிருவாரு!”

“நாக்குக்குத்தான் புளிப்பு. சீனி இதில்தான் அதிகம்.”

“நெசமாவா?”

நேற்று குழலில் பார்த்த கோடு நினைவில் நின்றது. அது பனியில் தவறாகத் தெரிந்திருந்தால்? அதை நினைக்காமல் பழங்களைக் கைகளுக்கிடையே உருட்டினேன். ராஜேஸ்வரியும் உருட்டினாள். சோமா திரும்பி வந்து, எதற்கு என்று கேட்காமல் தானும் உருட்டினாள். ஐஸில் கிடந்த பழம், விரல்கள் மரத்தன.

அவரோ வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். தோளைத் தொட்டால் தட்டிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நானா, ருசி பார்த்துச் சொல்லுங்கள்.”

கை தானாகத் தொப்பிக்குப் போனது. சரிசெய்துகொண்டார். வாயைத் திறந்தார்.

சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து விட்டேன். விழுங்கினார். தோள்கள் குலுங்கின. துப்பவில்லை. இன்னொன்று, இன்னொன்று. விதையைச் சோமா தன் முந்தானையால் அவர் உதட்டிலிருந்து எடுத்தாள். வெள்ளைத் துணி முழுவதும் சிவப்புக் கறை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் மூவரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிரித் ஒலி வந்து போனது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து இருக்கைகள்மேல் உட்கார்ந்தது. மீண்டும் உருட்டினோம், மீண்டும் கொடுத்தோம்.

நடுக்கம் முதலில் விரல்களில் நின்றது. பிறகு கண்கள் எங்களைத் தேடி வந்தன.

“என்ன, எல்லாரும் என் மொகத்தையே பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க?” என்றார். கொஞ்சம் கழித்து, “யா அல்லாஹ், என்ன புளிப்பு இது!”

ராஜேஸ்வரி அப்போதுதான் அழுதாள். “நேத்து அந்தக் கருப்பட்டிய நான் புடுங்காம இருந்திருந்தா...”

“நல்லதுக்குத்தானே செஞ்சீங்க டீச்சர். நான் ரொட்டிய வாணாம்னு சொன்னது யார்ட பிழை?”

அவரைப் பின் இருக்கையில் படுக்கவைத்தோம். சீனி மறுபடி இறங்கலாம் என்பதால் விடாமல் தின்னக் கொடுத்தேன். உகுரஸ்ஸ குறைந்ததும் ஜேம் பேரா, அதற்குப் பிறகு போவிட்டியா. எங்களுக்கும் பசித்தது. நான்தான் முதலில் எடுத்தேன், எடை பார்க்காமல், தோலைச் சீவாமல். சோமா எடுத்தாள், ராஜேஸ்வரி எடுத்தாள். மண் அள்ள மம்பட்டிகளோடு வந்த தோட்டத்து ஆட்கள் பனியிலிருந்து வெளிப்பட்டபோது நாங்கள் நால்வரும் ஊதா நாக்கோடு அவர்களைப் பார்த்தோம். “என்னா டீச்சர், மையக் குடிச்சீங்களா?” என்றார் ஒருவர். மண்ணை அள்ளிப் பாதை திறந்ததும் அந்த ஆளே ஆஸ்பத்திரி வரை வேனை ஓட்டிவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். சோமா நடந்ததைச் சிங்களத்தில் சொல்ல, அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று. ஒவ்வொரு பழத்தையும் தராசில் வைத்தே பழகியவள் நான். “கை நிறைய” என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

சலீம் நானாவை மாலை வரை படுக்கவைத்து, அந்த மாத்திரையை நிறுத்தி, சாப்பிடாமல் எதையும் விழுங்கக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். ஆய்வுக்கூட நண்பருக்கு ஆஸ்பத்திரி வாசல் கடையிலிருந்து தொலைபேசியில் சொன்னேன், பழம் இல்லை என்று. மீண்டும் மேலே போய்ப் பறிக்க நேரமும் இல்லை, பாதையும் இல்லை. அன்று கொஞ்சம் வலித்தது. ஊர் திரும்பிக் கட்டுரை எழுதியபோது உகுரஸ்ஸவுக்கு எதிரே சீனியை மட்டும் எழுதினேன். புளிப்புக்கான இடம் இன்றுவரை வெற்றிடம்.

அந்தி நேரம் பலாங்கொடைத் தெரு முழுவதும் காகிதக் கூடுகளுக்குள் விளக்கு ஏறியது. மழை ஈரத் தார்ச்சாலையில் அத்தனை நிறங்களும் தலைகீழாக நடுங்கின. ஒரு தன்சல்காரர் கொடியை ஆட்டி எங்களை மறித்தார். பெஞ்சில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, அப்பளம். சோமா தயங்கவில்லை. சில் என்பது மதியத்துக்குமேல் சாப்பிடாமல் இருக்கும் வெசாக் நோன்பு; பன்சலைக்கே போய்ச் சேராதவளுக்கு இன்று என்ன சில் என்றாளாம். சலீம் நானா முதல் கவளத்தைப் பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்தார்.

பரிமாறியவர் எங்கள் நால்வரையும், சோமாவின் கறைபட்ட வெள்ளை உடையையும், தாடியையும் தொப்பியையும், ராஜேஸ்வரியின் பொட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். சோமா நிமிராமல் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். ராஜேஸ்வரிக்குச் சிரிப்பில் சோறு தொண்டையில் சிக்கியது.

“என்ன கேட்டார்?” என்றேன்.

“எல்லாரும் ஒரே வீடான்னு கேக்குறாருங்க.”

“சோமா என்ன சொன்னாள்?”

“ஆமான்னுட்டாங்க.”

பரிமாறியவர் தலையசைத்துவிட்டு, வீட்டுக்குப் பெரியவர் என்று சலீம் நானாவின் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தார்.